தலையில் ஊற்றியது கழுத்தில் இறங்கும்

மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கி, அதையே தலையிலும் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் தேய்ப்பதுதான் நம்மூர் வழக்கம். பத்து நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் இரண்டாவது வாரமே முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். இப்படியே நாலைந்து வருடம் ஓட்டியவர்கள், "எனக்கு எக்ஸிமா, எந்த மருந்துக்கும் கேட்காது" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எக்ஸிமா என்றால் அரிப்போடு வரும் தோல் அழற்சி. பெரும்பாலும் மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. மருந்து தோலுக்குப் போகாமல் முடியிலேயே நின்றிருக்கும், அல்லது நோயின் பெயரே வேறாக இருக்கும், அல்லது அரிப்பைக் கிளப்பும் பொருள் வாரம் தவறாமல் தலையில் விழுந்துகொண்டிருக்கும்.

தலைத்தோலும் கழுத்துத் தோலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஆனால் குணம் வேறு. தலைத்தோல் தடிமனானது. எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்த இடம். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தில் வீரியமானதையும் சில வாரம் தாங்கும். கழுத்து, அதிலும் முன்கழுத்தும் பக்கங்களும், மெல்லிய தோல். மடிப்பில் வியர்வை தேங்கும், காலர் உரசும், சங்கிலி உரசும். தலைக்குப் பூசும் குளோபெட்டாசோல் என்ற வீரியமான ஸ்டீராய்டை இங்கே மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் சிகரெட் தாள்போல மெலிந்து, உள்ளே ஓடும் நுண்ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரே டியூப் என்ற கணக்கே தவறு.

முதலில் பெயர். நாம் கரப்பான், படை, பொடுகு, சொறி என்று ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வதெல்லாம் மருத்துவத்தில் தனித்தனி நோய்கள். எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் செதில் உதிர்ந்து, புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களிலும் இருந்தால் செபோரிக் டெர்மடைட்டிஸ். பொடுகின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லார் தோலிலும் குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் நம் தோல் எண்ணெயைத் தின்று, கொழுப்பு அமிலங்களை மிச்சம் வைக்கிறது. சிலருடைய தோல் அதைப் பொறுக்காது. தலைமுடியின் எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் பிடரிக்கும் இறங்கி, ஓரம் வரைந்ததுபோலத் தெளிவாக, வெள்ளிநிறத் தடித்த செதிலோடு இருந்தால் சோரியாசிஸைச் சந்தேகிக்க வேண்டும். முழங்கை, முழங்கால், தொப்புள் ஆகிய இடங்களையும், நகத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகளையும் பார்க்க வேண்டும். சிறுவயதிலிருந்தே மூச்சிரைப்பு, தும்மல், முழங்கை மடிப்பில் அரிப்பு என்று வந்தவருக்குக் கழுத்து மடிப்பில் வருவது பெரும்பாலும் அட்டோபிக் எக்ஸிமா. இன்னொன்று: பாடப்புத்தகப் படங்களில் இருக்கும் சிவப்பு நம் நிறத்தில் அப்படியே தெரியாது. சாம்பலாக, ஊதாவாக, கரும்பழுப்பாகத் தெரியும். செபோரிக் டெர்மடைட்டிஸ் பலருக்கு வெளுத்த திட்டாகவே வரும். அதைத் தேமல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

ஸ்டீராய்டு போட்டால் கேடு விளைவிக்கும் நோய் ஒன்று உண்டு: பூஞ்சைப் படை. பிடரியில் வட்டமாக, ஓரம் மட்டும் தூக்கலாக, நடுவில் தெளிந்து காணப்படும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தேய்த்தால் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே செழிக்கும், வட்டம் கலைந்து அடையாளமே தெரியாமல் போகும். அப்புறம் அனுபவமுள்ள மருத்துவருக்கே கண்ணால் சொல்வது கடினம். ஒரே டியூபில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் அடைத்து விற்கும் கலவைக் களிம்புகள் இந்தியாவில் படையைப் பிடிவாதமாக்கியதில் பெரிய பங்கு வகித்தவை. நம் கருத்தில், தலையிலோ கழுத்திலோ எந்தக் காரணத்துக்காகவும் இவற்றைத் தொடக்கூடாது. சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை போதும். சில நிமிட வேலை. குழந்தைக்குத் தலையில் திட்டுத் திட்டாக முடி ஒடிந்து செதில் இருந்தால் அதுவும் பூஞ்சையாக இருக்கக்கூடும். அதற்குக் களிம்பு, ஷாம்பு மட்டும் போதாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் வாரக்கணக்கில் மாத்திரை தேவை.

பேன் விஷயத்தையும் வெட்கப்படாமல் பார்த்துவிட வேண்டும். பள்ளி போகும் பெண் பிள்ளைகளுக்குப் பிடரியில் மட்டும் அரித்துப் புண்ணாகி, கழுத்தில் நெறி கட்டினால், எக்ஸிமா என்று முடிவுகட்டுமுன் ஈர்கொல்லிச் சீப்பால் ஒருமுறை வாரிப் பாருங்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். தோல் ஒவ்வாமையில் மிகவும் ஏமாற்றும் இடம் தலை. தலையில் பூசும் பொருளுக்குத் தலைத்தோலைவிடக் கண்ணிமை, காது மடல், முடி எல்லை, கழுத்து ஆகியவை சத்தமாகப் பதில் சொல்லும். காரணம் எளிது: தலைத்தோல் தடிமன், அவை மெல்லியவை, கழுவும்போது எல்லாம் வழிந்து அவற்றின் மேல்தான் இறங்குகிறது. காதுக்கு முன்னால் தொடங்கி, கழுத்தின் இரு பக்கமும் கோடு போட்டதுபோல் கீழிறங்கும் எக்ஸிமாவைப் பார்த்தால் தோல் மருத்துவர்கள் முதலில் ஷாம்பு பாட்டிலைத்தான் கேட்பார்கள்.

முதல் குற்றவாளி ஹேர் டை. கருப்புச் சாயங்களில் பெரும்பாலானவை பாராஃபினைலின்டையமின் என்ற பொருளால் வேலை செய்கின்றன. பெட்டியில் பி.பி.டி. என்று சுருக்கமாகவும் போட்டிருக்கும். இதற்கு ஒவ்வாமை முதல் பூச்சிலேயே வரவேண்டும் என்பதில்லை. பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பதினோராவது வருடம் வரும். பூசிய அன்று வராது. ஒரு நாள் கழித்தோ மூன்று நாள் கழித்தோ வரும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பூசிய சாயத்தை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கருவாட்டைக் குற்றம் சொல்கிறோம். "அம்மோனியா இல்லை" என்ற அறிவிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அது வேறு பொருள். "மூலிகை" என்ற சொல்லும் காப்பாற்றாது. மருதாணி இலை தனியாகச் செம்பழுப்பு நிறம்தான் தரும். ஒரே பூச்சில் கன்னங்கரேலென்று வந்தால் அவுரியோ பி.பி.டி.யோ கலந்திருக்கிறது என்று பொருள், எது என்று பெட்டியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை உறுதியாகிவிட்டால் "கொஞ்சமாகப் பூசிப் பார்க்கலாம்" என்பது ஆபத்து. அடுத்த முறை முகமே வீங்கி, கண் மூடிக்கொள்ளும். மாற்றாக விற்கும் சாயங்களில் இருக்கும் டொலுயீன் டையமினுக்கும் இவர்களில் பலருக்கு ஒவ்வாமை வரும்.

ஷாம்புவில் சந்தேகப்பட வேண்டியவை வாசனைப் பொருட்கள், மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி, நுரைக்காகச் சேர்க்கும் கோகமிடோபுரோப்பில் பீட்டைன். கழுத்தில் வட்டமாக மாலைபோல் அரித்தால் சங்கிலியைப் பாருங்கள். கவரிங் நகையில் இருக்கும் நிக்கல் வியர்வையில் கரைந்து தோலுக்குள் போகும், அதனால் கோடையில் கூடும். டைமெத்தில்கிளையாக்சிம் திரவத்தைப் பஞ்சில் நனைத்து நகையில் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் நகை பஞ்சை இளஞ்சிவப்பாக்கும். தாலிக்கயிறாக இருந்தால் ஈரம், உரசல், சாயம், மேலே வைக்கும் குங்குமம் எல்லாம் சேர்ந்தே வேலை செய்யும். கயிற்றை அடிக்கடி மாற்றி, குளித்தபின் உலர்த்தி, குங்குமத்தை சில வாரம் நிறுத்திப் பார்ப்பது எந்த மாத்திரையையும்விட மலிவு. பாடி ஸ்பிரேயைக் கழுத்தில் அடிப்பவர்கள் சட்டையில் அடிக்கட்டும். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். முடியாவிட்டால் உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொண்டு அதைத் தினமும் மாற்றலாம்.

ஊகித்துக்கொண்டே இருப்பதைவிட பேட்ச் டெஸ்ட் நல்லது. பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் செய்கிறார்கள். முதுகில் சிறு சிறு அறைகளில் பொருட்களை வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்து ஒருமுறை பார்ப்பார்கள், மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடி பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டால் சோதனை பாதிதான், தாமதமாக எழும் ஒவ்வாமைகள் அப்போதுதான் தெரியும். ஒட்டியிருக்கும் நாட்களில் முதுகை நனைக்கக்கூடாது, வியர்க்க வேலை செய்யக்கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், முதுகில் ஸ்டீராய்டு பூசியிருந்தாலும் ஒவ்வாமை அமுங்கிப்போகும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் எடுக்கும் ஐஜிஇ (உடனடி ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) அலர்ஜி பட்டியல் இந்த வகை ஒவ்வாமையைக் கண்டுபிடிக்காது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அந்தப் பட்டியலை வாங்கி, கத்திரிக்காயை நிறுத்துபவர்கள் அதிகம். வீட்டில் பயன்படுத்தும் டை, ஷாம்பு, களிம்புகளையும் எடுத்துப் போங்கள். களிம்புக்கே ஒவ்வாமை வருவது நடக்கிற விஷயம்தான். நியோமைசின் கலந்த களிம்புகள் இதில் பேர் போனவை. பூசப் பூச மோசமாகும் எக்ஸிமாவில் இதை மறக்கக்கூடாது.

சரி, தலைக்குச் சிகிச்சை. மருந்து தோலைத் தொடவேண்டுமானால் முதலில் செதில் போக வேண்டும். தடித்து ஒட்டியிருந்தால் 3 முதல் 6 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள களிம்பு அல்லது லோஷனை மாலையில் தடவி, சில மணி நேரம் ஊறவிட்டு, அகலப் பல் சீப்பால் இளகியதை மட்டும் தூக்கிவிட்டு அலசலாம். இளகாததைப் பிய்த்தால் ரத்தம் வரும், கூடவே முடியும் வரும். சிறு குழந்தைகளுக்குச் சாலிசிலிக் அமிலத்தைப் பரவலாகப் பூசக்கூடாது, உடலுக்குள் ஏறிவிடும்.

செபோரிக் வகைக்கு அடுத்தது பூஞ்சைக்கொல்லியான 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். இது பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தேய்த்தவுடன் அலசிவிடுவது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சாதாரண ஷாம்புவால் ஒருமுறை அலசுங்கள். பிறகு கீட்டோகோனசோலை முடியில் அல்ல, விரல் நுனியால் தோலில் தேய்த்து, நுரையைக் காதுக்குப் பின்னும் பிடரியிலும் புருவத்திலும் கொண்டுபோய், ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள். அதன்பின் அலசல். நான்கு வாரத்தில் தெளிந்தபிறகும் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். மலசீசியாவை ஒழிக்க முடியாது, எண்ணிக்கையைக் குறைத்துவைக்கத்தான் முடியும். கீட்டோகோனசோலுக்கு மசியாவிட்டால் செலினியம் சல்ஃபைடு, ஜிங்க் பைரிதியோன், சிக்ளோபிராக்ஸ் இவற்றில் ஒன்றுக்கு மாறலாம். சோரியாசிஸ் கலந்த தலைக்குத் தார் ஷாம்பு நன்றாகவே வேலை செய்யும், வாசனையைத்தான் சகிக்க வேண்டும்.

அரிப்பும் வீக்கமும் இருந்தால் ஷாம்பு மட்டும் போதாது, முதல் இரண்டு வாரத்துக்கு ஸ்டீராய்டு லோஷன் வேண்டும். மோமெட்டாசோன் 0.1 சதவீதம் தினம் ஒருமுறை, அல்லது மருத்துவர் சொன்னால் குளோபெட்டாசோல் 0.05 சதவீதம். குளோபெட்டாசோலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது. பூசும் முறை முக்கியம். விரல் அகலத்துக்கு ஒரு வகிடு எடுத்து, பாட்டில் மூக்கைத் தோலில் வைத்து சில துளி விட்டு, விரலால் பரப்பி, அடுத்த வகிடு. ஆள்காட்டி விரலுக்குத் தோல் ஈரமாகத் தெரிந்தால் மருந்து போயிருக்கிறது, முடி ஈரமானால் வீண். ஆல்கஹால் கலந்த லோஷன் வெடித்த தோலில் நெருப்பாக எரியும். அப்படி எரிந்தால் எண்ணெய் வடிவிலோ ஃபோம் வடிவிலோ மாற்றித்தரக் கேளுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள். குளோபெட்டாசோல் ஷாம்பு கிடைத்தால் அதை உலர்ந்த தலையில் தடவி 15 நிமிடம் வைத்துப் பிறகு நனைத்து அலச வேண்டும். பலர் ஈரத் தலையில் போட்டுப் பலனைக் கழுவிவிடுகிறார்கள்.

நிறுத்தும் விதத்தில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது. அடங்கியதும் சட்டென்று நிறுத்தாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு அடிக்கடி வரும் இடத்தில் மட்டும் வாரம் இரண்டு நாள் என்று இறக்க வேண்டும். கண்ணுக்குத் தோல் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே அழற்சி மிச்சம் இருக்கும்.

கழுத்துக்கு வேறு கணக்கு. 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது டெசோனைடு என்ற மென்மையான ஸ்டீராய்டு, ஐந்து முதல் ஏழு நாள். அளவு தெரியாமல் தவிப்பவர்களுக்கு: டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசி ரேகை முதல் நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவர் உள்ளங்கை இரண்டு அகலத்துக்குப் போதும். முகம், கழுத்து இரண்டும் சேர்ந்தே இரண்டரை விரல்நுனி அளவுதான். பொட்டு வைப்பதுபோல் பூசுவதும் தப்பு, சந்தனம் அப்புவதுபோல் பூசுவதும் தப்பு.

அடிக்கடி திரும்பும் கழுத்துக்கு ஸ்டீராய்டைவிட, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்தான டாக்ரோலிமஸ் களிம்பு நல்ல தேர்வு. பதினாறு வயதுக்கு மேல் 0.1 சதவீதம், 2 முதல் 15 வயது வரை 0.03 சதவீதம். தோல் மெலியாது என்பதே இதன் பெருமை. குறை, முதல் சில நாள் மிளகாய்ப் பொடி பட்டதுபோல் எரிவது. இதைச் சொல்லாமல் எழுதிக்கொடுப்பதால் மூன்றாம் நாளே டியூப் குப்பைக்குப் போகிறது. முதல் வாரம் ஸ்டீராய்டால் சூட்டைத் தணித்துவிட்டு இதைத் தொடங்கினால் எரிச்சல் குறையும். குளித்த ஈரத்தில் பூசாமல் அரைமணி நேரம் கழித்துப் பூசுங்கள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பூசினால் இன்னும் இதம். மது அருந்தினால் சிலருக்கு முகம் சிவந்து சூடேறும், அது பழக்கத்தைத் திருத்த மருந்து செய்யும் சதி அல்ல, தெரிந்த பக்கவிளைவு. 2006 முதல் அமெரிக்காவில் இதன் பெட்டியில் புற்றுநோய் எச்சரிக்கை உண்டு. களிம்பாகப் பூசுவதுதான் புற்றுநோய்க்குக் காரணம் என்று பின்னர் வந்த நீண்டகால ஆய்வுகள் நிரூபிக்கவில்லை.

பிடரியில் ஒரே இடம் தோல்பைபோல் தடித்து, கோடு கோடாகக் கருத்திருந்தால் அது சொறிந்து சொறிந்து வளர்த்த நோய். அரிப்பதால் சொறிகிறோம், சொறிவதால் தடிக்கிறது, தடித்தது மேலும் அரிக்கிறது. இங்கே மட்டும் கழுத்து என்றாலும் வீரியமான ஸ்டீராய்டு தேவைப்படும், சிலருக்குத் திட்டுக்குள்ளேயே டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தூக்கத்தில் கை போகும் இடம் இது. நகத்தை ஒட்ட வெட்டி, கை எழும்போது முஷ்டியை இறுக்கி அரை நிமிடம் வைத்து, அரிக்கும் இடத்தை விரலால் அழுத்தப் பழகினால் மருந்துக்கு வேலை சுலபமாகும். ஒவ்வாமைக்குத் தரும் செட்ரிசின் மாத்திரை எக்ஸிமா அரிப்பைப் பெரிதாகத் தொடாது. அது தடுப்பது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருளை; இந்த அரிப்பு ஹிஸ்டமினை மட்டும் நம்பி ஓடுவதல்ல.

எண்ணெய். இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். செபோரிக் தலைக்கு ராத்திரி முழுக்க எண்ணெய் வைத்து ஊறவிடுவது மலசீசியாவுக்குப் பந்தி போடுவது. செதில் படிந்து மறைவதால் குணமானதுபோல் தெரியும், இரண்டு நாளில் இரட்டிப்பாக எழும். ஆனால் அட்டோபிக் வகையில் வறண்ட கழுத்துக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல ஈரப்பதக் காப்புதான், குளித்த மூன்று நிமிடத்துக்குள் தடவலாம். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோல் அரணைக் குலைப்பவை, தவிர்க்கலாம். சின்ன வெங்காயச் சாறு, பூண்டு, எலுமிச்சை ஆகியவை புண்பட்ட தோலைச் சுடும். எலுமிச்சைச் சாறு பட்ட கழுத்தோடு வெயிலில் போனால் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். வாசலின் போன்ற பாரஃபின் களிம்பு ஊறிய துண்டும் முந்தானையும் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் நிற்பவர்கள் இதை மறக்கக்கூடாது. பெயரும் உள்ளடக்கமும் எழுதாத டப்பாவில் வரும் "பக்கவிளைவில்லா" களிம்பு இரண்டே நாளில் மாயம் செய்தால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகிப்பதே புத்தி.

கத்திரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்பது பாட்டி காலத்து விதி. பெரியவர்களின் தலை, கழுத்து எக்ஸிமாவில் உணவை நிறுத்தி நோய் போவது அரிது. ஒரு பொருளைத் தின்ற ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தால் மட்டும் அதை விடலாம். போர்த் தண்ணீரைக் குற்றம் சொல்லி வடிகட்டி வாங்குவோருக்கு: இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளிடம் தண்ணீர் மென்மையாக்கும் கருவியைச் சோதித்து 2011-இல் வெளியான ஆய்வில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

இவ்வளவும் ஒழுங்காக எட்டு வாரம் செய்தும் அசையவில்லை என்றால் இரண்டு கேள்விகள். பெயர் சரிதானா என்று தோல் துணுக்கு எடுத்துப் பார்த்தாயிற்றா? செபோரிக் டெர்மடைட்டிஸ் திடீரென்று கடுமையாகப் பரவியிருந்தால் ஹெச்.ஐ.வி. சோதனை செய்தாயிற்றா? தலை, முகம், கழுத்து மட்டுமே பாதித்த அட்டோபிக் நோயாளிகளில் சிலருக்கு மலசீசியாவுக்கு எதிரான ஒவ்வாமையே பின்னால் இருக்கும். அவர்களுக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை சில வாரம் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அதற்கு மேல் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் என்ற நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் என்று தவறாகச் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிர் போனவர்கள் உண்டு, எனவே கிழமையை அட்டையிலேயே எழுதிவையுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு இது கூடவே கூடாது. அட்டோபிக் எக்ஸிமாவுக்குப் போடும் டுபிலுமாப் ஊசி உடம்பெல்லாம் தெளிவித்துவிட்டு முகம், கழுத்துச் சிவப்பை மட்டும் சிலருக்கு விட்டுவைக்கும், சிலருக்குப் புதிதாகவும் வரும். உபாடசிட்டினிப் போன்ற ஜேக் தடுப்பான்கள் (அழற்சியைத் தூண்டும் ஜேக் நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகள்) அரிப்பைச் சில நாளிலேயே குறைக்கக்கூடியவை, ஆனால் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று: எக்ஸிமாவின் மேல் ஒரே அளவில் குழி குழியாகப் புண்கள், காய்ச்சல், அரிப்பைவிட வலி. ஹெர்பிஸ் வைரஸ் பரவியிருக்கலாம். அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

மருத்துவரிடம் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், முந்தைய மூன்று நாளாவது பூச்சு மருந்தை நிறுத்தி நோய் அதன் முகத்தோடு தெரியட்டும். கடைசி ஆறு மாதத்தில் பூசிய எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், தீர்ந்துபோன டியூபையும் சேர்த்து. டை போட்ட தேதிகளையும் அரிப்பு கூடிய தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அவர் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.